நிமிடத்துக்குப் பதினெட்டு

கல்லூரியில் என்னை எல்லாரும் 'பக்கம்' என்றுதான் கூப்பிடுவார்கள். என்ன கேட்டாலும் பதிலோடு புத்தகத்தின் பக்க எண்ணையும் சேர்த்துச் சொல்லும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. நாலு வருட நர்சிங் படிப்பு, நாலு வருடமும் முதலிடம், கடைசியில் தங்கப் பதக்கம். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரப்போகிற அவமானத்தின் அளவு புரிய வேண்டுமே என்றுதான் சொல்லி வைக்கிறேன்.

படிப்பு முடிந்து மூன்றாவது மாதம், ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, எங்கள் கல்லூரியிலேயே மேற்படிப்புக்கு இடம். சாதாரணமாக ஒரு வருடமாவது ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் விண்ணப்பமே கொடுப்பார்கள். பதக்கம் வாங்கியவளுக்கு மட்டும், அதுவும் அந்த ஒரு வருடத்துக்கு மட்டும், அந்த விதியைத் தளர்த்தியிருந்தார்கள். இரண்டு வருடம் படித்தால் நேராக ஆசிரியை நாற்காலி. இன்னொரு கடிதம், கல்லூரியை ஒட்டியிருந்த ஆஸ்பத்திரியில் ஆண்கள் பொது வார்டில் நர்ஸ் வேலை. இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். மேற்படிப்புக் கடிதம் வந்த அன்று இருட்டுவதற்குள் ஏழு கட்டிடங்களின் காவலாளிகளுக்கு நான் புரொஃபசர் ஆகிவிட்டேன்.

"இடம் இருக்கும்போதே ஏறிக்கணும். கதவு மூடிட்டா அடுத்து எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்," என்றார். அவருக்கு உலகத்தில் எல்லாமே லிஃப்ட்தான்.

அம்மா வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறவள். வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு பேசுவதால், அவள் சொல்வது எதுவும் பாதிதான் வெளியே வரும்.

"வேலைக்குப் போயிட்டா திரும்பப் படிக்கப் போறது சந்தேகம்தான். படிக்கப் போயிட்டா திரும்ப வேலைக்குப் போறதும் சந்தேகம்தான்."

"அப்ப என்னதாம்மா செய்யறது?"

"அதை நீதான் சொல்லணும். கையைக் கொஞ்சம் நீட்டு, அளவு பார்க்கணும்."

இந்த வீட்டில் இதுதான் ஆலோசனைக் கூட்டம். எனக்கு எரிச்சல் வந்தது. மூக்கு நுனியில் கோபம் என்பார்களே, எனக்கு அது நுனியில் கூட இல்லை, எப்போதும் வாயிலேயே இருக்கும். ஆனால் அன்று கோபப்பட்டதற்குக் காரணம் அவர்கள் இல்லை. எனக்குள் முடிவு ஏற்கெனவே ஆகியிருந்தது, அதன் காரணம் எனக்கே பிடிக்கவில்லை. நான் மேற்படிப்புக்குப் போக நினைத்தது படிப்பின் மேல் ஆசையால் அல்ல, பயத்தால். தேர்வு மண்டபத்தில் நான் சிங்கம். வார்டுக்குள் கால் வைத்தால் கூட்டத்தின் கடைசி வரிசையில் நோட்டோடு நிற்பவள். உடம்பு சரியில்லாத மனிதர் என் முகத்தைப் பார்த்து ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று எனக்குள் உதறும்.

இந்த நேரத்தில்தான் 'தூக்கம்' போன் செய்தாள். என் பெஞ்சுத் தோழி. வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தை தெரிந்தவள். தட்டுத்தடுமாறிப் பாஸ் பண்ணிவிட்டு, மறுவாரமே அதே ஆண்கள் வார்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

"இங்க ஒரு இடம் உனக்குத்தான் போட்டிருக்காங்களாம். வந்துடுடி. என்னால தனியா சமாளிக்க முடியல."

"நான் மேல படிக்கலாம்னு இருக்கேன்."

"படி, யார் வேணாம்னா? எனக்குத்தான் புத்தி இல்ல, உனக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து இருக்கு," என்று சிரித்தாள். பின்னால் யாரோ கூப்பிட, போனை வைக்காமலே போய்விட்டாள். ஐந்து நிமிடம் நான் அந்த வார்டின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு நானே வைத்தேன்.

புதன்கிழமை பிரின்சிபால் மேடம் அழைத்தார். முதல் வருட மாணவிகளை வார்டுக்குக் கூட்டிப்போகும் டியூட்டர் பிரசவ விடுப்பில் இருக்கிறாராம். வியாழக்கிழமை ஒரு நாள் மட்டும் நான் கூட்டிப்போக வேண்டும். காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், இந்த நாலையும் நோயாளிகளிடம் பார்த்து எழுத வைக்க வேண்டும்.

"நாளைக்கு டீச்சராகப் போறவதானே. இப்பவே பழகிக்கோ," என்றார்.

வியாழன் காலை கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டோடு பத்து மாணவிகளுக்கு முன்னால் நடந்து போனேன். இரண்டு வரிசையில் இருபது கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு சார்ட் தொங்கியது. ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தாலும் ஸ்பிரிட் வாடை போகவில்லை. நடுவில் ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிடும் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு தூக்கம் வந்தாள்.

அவள் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் கட்டிலுக்குப் போகும் வழியில், இரண்டாம் கட்டில்காரரின் செருப்பைக் காலாலேயே கட்டிலுக்கு அடியில் தள்ளினாள், இறங்கும்போது அவர் தடுக்கி விழாமல் இருக்க. ஒரு கையால் சொட்டு மருந்தின் வேகத்தைக் குறைத்தாள். எதிர்க்கட்டிலில் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்த தாத்தாவிடம், "நீங்க சாப்பிடலைன்னா உங்க பையன் என்னைத்தான் திட்டுவான். எனக்குத் திட்டு வாங்கிக் குடுக்கப் போறீங்களா?" என்றாள். அவர் கரண்டியை எடுத்தார். மருந்தளவுக் கணக்கில் என்னைப் பார்த்து எழுதிப் பாஸானவள் இவள். எனக்குப் பொறாமையாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, வயிறு எரிந்தது.

மாணவிகளை ஆளுக்கு இரண்டு கட்டில் என்று பிரித்துவிட்டேன். அரை மணி நேரத்தில் எல்லாரும் எழுதிக்கொண்டு வந்தார்கள். தாள்களை வரிசையாக மேஜையில் பரப்பினேன். காய்ச்சல் ஆளுக்கு ஆள் வேறு. நாடி வேறு. ரத்த அழுத்தம் வேறு. மூச்சு மட்டும் இருபது பேருக்கும் நிமிடத்துக்குப் பதினெட்டு.

எனக்கு வந்ததே கோபம்.

"இருபது பேருக்கும் பதினெட்டா? எல்லா நுரையீரலையும் ஒரே கம்பெனியில ஒரே நாள்லயா செஞ்சாங்க? ஒரு நிமிஷம் நின்னு எண்ண முடியாதவங்க எதுக்கு நர்சிங் படிக்க வந்தீங்க? எப்படி எண்ணணும்னு பக்கம் நூத்தி நாப்பத்திரண்டுல தெளிவா போட்டிருக்கு. நாடி பார்த்து முடிச்சதும் கையை விடக்கூடாது. நாடி பார்க்கிற மாதிரியே பிடிச்சுக்கிட்டு நெஞ்சைக் கவனிக்கணும். எண்ணுறது தெரிஞ்சா மூச்சு மாறிடும். முழுசா ஒரு நிமிஷம்."

பத்துத் தலைகளும் குனிந்தன. ஒரு சின்னப் பெண், மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, மெதுவாகக் கை தூக்கினாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க மாதிரி நோட்டைப் பார்த்துதான் போட்டோம்."

"எந்த மாதிரி நோட்டு?"

அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். பழுப்பு அட்டை, நூலக முத்திரை. உள்ளே திறந்தால் என் கையெழுத்து. நாலு வருட வார்டுப் பயிற்சியில் நான் எழுதிய செயல்முறைப் பதிவேடு. முதல் பக்கத்தில் பிரின்சிபால் மேடத்தின் சிவப்பு மையில், 'மிகச் சிறப்பு. அனைவரும் பின்பற்றத் தக்கது' என்று இருந்தது. புரட்டினேன். இருநூற்று நாற்பது நோயாளிகள். அழகாகக் கோடு போட்ட கட்டங்கள். மூச்சு என்ற கட்டத்தில் பதினெட்டு. அடுத்த பக்கம், பதினெட்டு. அதற்கடுத்த பக்கமும் அதேதான்.

அந்த எண் எப்படி வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது, அழுத்தத்துக்குக் கருவி இருக்கிறது. மூச்சுக்கு நாம்தான் கருவி. ஒருவரின் பக்கத்தில் ஒரு நிமிடம் சும்மா நின்று அவர் நெஞ்சைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில்தானே அவர் என்னைப் பார்த்து ஏதாவது கேட்டுவிடுவார். அதனால் நாடியை முடித்ததும் கையை விட்டுவிட்டு, அதிகமும் இல்லாத குறைவும் இல்லாத ஒரு நல்ல எண்ணைப் போட்டுவிடுவேன். எண்ணும் முறை எனக்கு வரி வரியாக மனப்பாடம். எண்ணியதுதான் இல்லை. நாலு வருடத்தில் ஒரு மனிதருக்குக் கூட.

பின்னாலிருந்து தூக்கம் எட்டிப் பார்த்தாள்.

"மாட்டிக்கிட்டியா?"

"நீயும் அப்படித்தானே போட்ட?"

"நான் எங்க போட்டேன்? உன்னைப் பார்த்துதானே போட்டேன்."

மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கோபப்பட எனக்கு எந்த உரிமையும் இல்லாமல் போயிருந்தது. அந்த நிலைமை எனக்குப் புதிது.

"இப்பவும் அப்படியா போடற?" என்று கேட்டேன்.

"முதல் வாரம் போட்டேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தா கண்ணை மூட முடியல. நாலாம் கட்டில் ஆளு நிஜமாவே பதினெட்டு இழுக்கிறாரா, இல்ல முப்பதான்னு ஓடுது. எனக்கே தூக்கம் வரலைன்னா விஷயம் எவ்வளவு பெருசுன்னு பார்த்துக்கோ. மறுநாள்லேருந்து எண்ணிடறேன். எண்ணிட்டா தூங்கலாம்."

அவ்வளவுதான் சொன்னாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

நான் பத்துத் தாள்களையும் எடுத்து, மூச்சுக் கட்டங்களை எல்லாம் அடித்தேன். "வாங்க. நானும் எண்ணறேன். எனக்கும் இதுதான் முதல் தடவை," என்றேன்.

நாலாம் கட்டிலில் ஒரு முடிதிருத்துபவர், காலில் ஆறாத புண்ணோடு படுத்திருந்தார். மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி முடிந்தது. கையை விடவில்லை. கடிகாரத்தின் முள்ளையும் அவர் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரு நிமிடம் இத்தனை நீளம் என்று எந்தப் பக்கத்திலும் போட்டிருக்கவில்லை.

"ஏம்மா, இவ்வளவு நேரம் கையை விடாம புடிச்சிருக்கியே, ஏதாவது பெருசா இருக்கா?"

எண்ணிக்கை விட்டுப்போனது. நான் பயந்துகொண்டிருந்த அதே கேள்வி. பூமி பிளக்கவில்லை.

"ஒண்ணுமில்லீங்க. நான் கொஞ்சம் மெதுவா பார்க்கிறவ."

"மெதுவாவே பாரு. நான் எங்க போகப் போறேன்? என் கடையிலயும் அவசரப்படுறவன் காதைத்தான் வெட்டிக்கிட்டுப் போவான்."

சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். பதினாலு. பக்கத்துக் கட்டிலில் இருபது. அதற்கடுத்தவருக்குப் பதினாறு. மாணவிகளும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல் எண்ணத் தொடங்கினார்கள். திடீரென்று வார்டே கோயில் மாதிரி அமைதியானது. பன்னிரண்டாம் கட்டில்காரருக்கு நிஜமாகவே பதினெட்டு வந்தது. கண்ணாடிப் பெண் நம்பாமல் மூன்று தடவை எண்ணினாள்.

ஒன்பதாம் கட்டிலில் பள்ளி வேன் ஓட்டுபவர் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பார்த்தால் வீட்டுக்குக் கிளம்பத் தயாரானவர் மாதிரி இருந்தார். எண்ணினேன். இருபத்தாறு. தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டாம் தடவையும் இருபத்தாறு. அவர் செய்தித்தாளை அத்தனை மெதுவாகத் திருப்பியது நிதானத்தால் அல்ல, களைப்பால் என்று அப்போதுதான் தெரிந்தது.

தூக்கத்திடம் ஓடினேன். அவள் அவருடைய சார்ட்டை எடுத்தாள். காலை ஏழு மணிக்கு இருபத்திரண்டு என்றும், எட்டு மணிக்கு இருபத்து நாலு என்றும் அவள் கையெழுத்தில் ஏற்கெனவே இருந்தது. டாக்டரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

"இருபத்தாறா? சரியா எண்ணினியா?"

"ரெண்டு தடவை."

அதற்கு மேல் அவள் என்னைக் கேட்கவில்லை. என் எண்ணை நம்பி, போனை எடுத்தாள். டாக்டர் வந்து முதுகில் கேட்டுவிட்டு, நுரையீரலில் நீர் சேர்கிறது என்றார். தலைமாட்டை உயர்த்தினோம், ஆக்சிஜன் வைத்தோம், ஊசி போட்டார்கள். மூன்று மணிக்கு நான் மறுபடி எண்ணியபோது இருபது. "பேப்பர்ல பாதிப் பக்கம் பாக்கி இருக்கு," என்று அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். சார்ட்டில் பத்து மணிக் கட்டத்தில் இருபத்தாறு என்று எழுதி, பக்கத்தில் என் பெயரைப் போட்டேன். நான் எழுதியதிலேயே ஒருவருக்கு உபயோகப்பட்ட முதல் எண் அது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போதே வீட்டில் சொல்லிவிட்டேன். நோட்டு, பதினெட்டு, இருபத்தாறு எல்லாவற்றையும், வேலைக்குத்தான் போகப் போகிறேன் என்பதையும். அப்பா பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார்.

"ஏழு கட்டிடத்துல சொல்லிட்டேனேம்மா."

"ஏழுலயும் திரும்பச் சொல்லிடுங்கப்பா."

அம்மா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "நீ வேலைக்குப் போனாத்தான் தேறுவேன்னு நான் அன்னைக்கே நினைச்சேன்."

"அப்ப ஏம்மா சொல்லல?"

"நான் சொன்னா நீ நேர் எதிரா செய்வ. பெத்தவளுக்குத் தெரியாதா?"

அப்பா கை கழுவ எழுந்தவர் வாசற்படியில் நின்றார். "அந்த வேன்காரர் இப்ப எப்படி இருக்காராம்?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். அதுதான் அவர் சம்மதம்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பிரின்சிபால் அறைக்குப் போனேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் முப்பது வருட வகுப்புப் புகைப்படங்கள். என் சேர்க்கைப் படிவத்தை எடுத்து வைத்து, பேனா மூடியைக் கூடத் திறந்து வைத்திருந்தார்.

"கையெழுத்துப் போட வந்தியா?"

"இல்ல மேடம். இதைப் பத்திச் சொல்ல வந்தேன்."

நோட்டை மேஜையில் வைத்துச் சொன்னேன். எதையும் பூசி மெழுகவில்லை. இருநூற்று நாற்பது பேரில் ஒருவருடையதைக் கூட எண்ணவில்லை என்றேன். அதைப் பார்த்துத்தான் இப்போது பத்துப் பேர் எழுதுகிறார்கள் என்றேன். நோட்டின் முதல் பக்கத்தில், மூச்சு எண்கள் பொய் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்பதையும் காட்டினேன். திட்டுக்குத் தயாராக நின்றேன்.

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பக்கங்களைப் புரட்டினார். நடுவில் நிறுத்தினார்.

"எங்க காலத்துல பதினாறு," என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"எங்க வகுப்புல எல்லாரும் பதினாறு போடுவோம். அப்ப இந்த ஒரு வருஷ விதியெல்லாம் இல்ல. நானும் உன்னை மாதிரிதான், படிப்பை முடிச்ச கையோட மேல படிக்கப் போயிட்டேன். அப்புறம் நேரா இந்த நாற்காலி." நோட்டை மூடினார். "பக்கம் நூத்தி நாப்பத்திரண்டை முப்பது வருஷமா நடத்தறேன்."

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழையபடி பிரின்சிபால் ஆனார்.

"இந்தச் சலுகை திரும்பக் கிடைக்காது. தெரியுமில்ல? அடுத்த வருஷம் எல்லாரோடயும் சேர்ந்து தேர்வு எழுதணும். பன்னிரண்டு இடத்துக்கு முந்நூறு பேர்."

"தெரியும் மேடம். எழுதுவேன்."

"கிடைக்கலைன்னா?"

ஒரு வாரமாக நான் எனக்குள் கேட்டு, பதில் சொல்லாமல் ஓடிய கேள்வி இதுதான். இப்போது ஓடத் தோன்றவில்லை.

"கிடைக்கலைன்னா நர்ஸா இருப்பேன் மேடம்."

அவர் படிவத்தை இரண்டாகக் கிழித்தார். போனை எடுத்து, காத்திருப்புப் பட்டியலில் அடுத்த பெயரை அழைத்து, இடம் உங்களுக்கு என்றார். மறுமுனையில் ஒரு பெண் சந்தோஷத்தில் அழுவது எனக்கே கேட்டது. எனக்குக் கொஞ்சம் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம்தான்.

கும்பிட்டுவிட்டுக் கதவு வரை வந்தேன்.

"எப்பலேருந்து வேலை?"

"திங்கள்கிழமை மேடம். காலை ஏழு மணி ஷிஃப்ட்."

"பத்து மணி வாக்குல நான் வார்டுக்கு வந்தா தொந்தரவா இருக்குமா?"

"மாணவிகளைக் கூட்டிக்கிட்டு வரீங்களா மேடம்?"

"இல்ல," என்றார். மேஜைக் கண்ணாடியின் மேல் இல்லாத தூசியைக் கையால் துடைத்தார். "தனியாத்தான்."

"வாங்க மேடம்," என்றேன்.